அடுப்புக்கு அடியில் தண்ணீர்

முதலில் நனைந்தது என் லைனிங் துணிதான்.

என் தையல் கடைக்கும் பக்கத்து ரொட்டிக் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டி அடித்தட்டில் வைத்திருந்த வெள்ளை லைனிங் கட்டை ஒரு காலையில் உருவினேன். ஓரமெல்லாம் பழுப்பாக இருந்தது, டீ கொட்டினமாதிரி. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்றிருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டி அடுப்பு. எந்நேரமும் கதகதவென்று இருக்கிற சுவர் அது. குளிர்நாளில் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நான் பட்டன் தைப்பேன்.

துணியை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டினேன். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, ரொட்டிக்காரர் பெண்சாதி. தெருவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவர் எனக்கு அண்ணன். முழங்கை வரை மாவோடு வெளியே வந்தவள், துணியை முகர்ந்து பார்த்தாள்.

"மண் வாசனை அடிக்குதே."

"சுவரும் ஜில்லுன்னு இருக்குக்கா."

"எங்க பக்கமும் மாவு மூட்டை அடியில கட்டி கட்டியா இருக்கு. மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவர்கிட்ட சொன்னா, 'நீ மூட்டைய மாத்தி அடுக்கு'ங்கறார்."

அந்தக் கடையில் மூன்று பேர். அக்கா மாவு பிசைவாள். மிக்சர் மிஷின் உண்டு, ஆனால் மிஷின் சுற்றி முடித்த மாவை அவள் கை ஒரு தடவை தொட்டுப் பார்க்காமல் பலகைக்குப் போகாது. அண்ணன் உருட்டுவார், அச்சில் போடுவார், வண்டியில் ஏற்றுவார். அடுப்பு வாயில் நிற்பது குச்சி. அக்காவின் தம்பி. ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பான். கையில் எப்போதும் தட்டு இழுக்கிற நீளக் கழி. இரண்டையும் சேர்த்துத்தான் தெரு அவனைக் குச்சி என்றது. அவர்கள் அம்மா செத்தபோது அவன் கைப்பிள்ளை. அக்காதான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். "எங்க அக்கா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த ஒரே சாமான் நான்தான், மாமா இன்னும் திருப்பி அனுப்பல" என்று சொல்லிச் சிரிப்பான்.

அடுப்பு, செங்கல் அடுப்பு. ஒரு அறை அளவு இருக்கும். டீசல் பர்னர் ஒரு பக்கம் உறுமிக்கொண்டே இருக்கும். அண்ணன் அதை ஆறவே விட மாட்டார். ஆறினால் செங்கல் விட்டுப்போகும், மறுபடி சூடேற நாளாகும் என்பார். வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் பாதியில் எழுந்து வந்து அதன் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பார். "உங்க சின்ன வீட்டுக்குக் காய்ச்சலா?" என்று அக்கா கேலி பண்ணுவாள். பெரிய ஆஸ்பத்திரியின் காலை ரொட்டி ஆர்டர் அவர்கள் கைக்கு வந்தபோதுதான் அந்த அடுப்பைப் பின்பக்கமாக நீட்டிக் கட்டினார்கள். தெருக் குழாயிலிருந்து பின்கட்டுத் தொட்டிக்குப் போகிற பைப் தரைக்கடியில் அந்த வழியாகத்தான் போனது. "பைப்ப மாத்திட்டுக் கட்டலாம்" என்று கொத்தனார் சொன்னாராம். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும், வேலைய முடிங்க" என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஒரு வளைவு கொடுத்து, அஸ்திவாரத்தைச் சுற்றி விட்டு, மேலே கட்டி மூடிவிட்டார்கள்.

ஹார்டுவேர் கடைக்காரர்தான் அக்காவுக்கு வழி சொன்னார். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார், அதில் சின்னதாக ஒரு சிவப்புச் சக்கரம் இருக்கும், அது நிற்க வேண்டும் என்று. மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில் நானும் அக்காவும் வாசல் பெட்டியைத் திறந்து குந்தினோம். புழுக்கம் தாங்கவில்லை. கண்ணாடியில் படிந்த மண்ணை அக்கா முந்தானையால் துடைத்தாள்.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், ஆனால் நிற்காமல்.

"குச்சி! எல்லாத்தையும் மூடிட்டியாடா?"

"மூடிட்டேன்க்கா. தொட்டி வால்வையும் மூடிட்டேன்."

"பின்ன இது யாருக்கு ஓடுது?" என்றாள் அக்கா. இரண்டு பேரும் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பினார். அதனால்தான் கோபப்பட்டார். "மீட்டர் கெட்டுப்போயிருக்கும்" என்றார். பிறகு, "எல்லாக் கடையிலயும் கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்றார். கடைசியாக, "இப்ப என்னை என்ன பண்ணச் சொல்ற?" என்று கத்தினார்.

"கசிவு பாக்கறவங்க இருக்காங்களாம். கூப்பிடுங்க."

வந்தது ஒரு பெண். அக்கா வயதுதான் இருக்கும். தோளில் ஒரு பெட்டி, காதுக்குப் பெரிய ஹெட்போன், தரையில் வைத்துக் கேட்க வட்டமாக ஒரு இரும்பு. சாமான்களைக் கீழே வைத்துவிட்டு முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"மிக்சர நிறுத்துங்க. ஃப்ரிட்ஜ நிறுத்துங்க. அந்த பர்னரு?"

"அத நிறுத்த முடியாதும்மா" என்றார் அண்ணன்.

"அது சத்தம் போட்டா எனக்குச் சரியா கேக்காதுங்களே."

"கேக்கற வரைக்கும் கேளுங்க."

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். வாசலிலிருந்து ஒவ்வொரு அடியாக இரும்பை வைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். குச்சிக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். ரொட்டி அடுக்கிற கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே அவள் நெடுநேரம் நின்றாள். திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தாள். சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டாள்.

"இங்கதான் சத்தம் கூட இருக்கு."

கண்ணாடிப் பெட்டியை நகர்த்தி, தரையை உடைத்தார்கள். வியாபாரம் பண்ணுகிற கடையின் முன்பக்கத்தை உடைப்பது என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ரொட்டி மேல் தூசி படியாமல் அக்கா தன் பழைய சேலைகளையெல்லாம் கொண்டுவந்து மூடினாள். அண்ணனும் குச்சியுமே கடப்பாரை போட்டார்கள். இடுப்பளவு தோண்டியதும் பைப் தெரிந்தது. முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. சுற்றி மண் லேசாக ஈரம், அவ்வளவுதான்.

அண்ணன் கடப்பாரையைத் தூக்கித் தெருவில் எறிந்தார். "கேட்டீங்கல்ல? நல்லா கேட்டீங்கல்ல? சொர்க்கத்துலேர்ந்து சத்தம் வந்துச்சா?"

அந்தப் பெண்ணுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. குழிக்குள் இறங்கி, பைப்பிலேயே இரும்பை வைத்துக் கேட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய், அடுப்பு வாயின் முன்னால், குச்சி நிற்கிற இடத்தில், செருப்புக் குதிகாலால் தட்டினாள். இன்னும் தள்ளித் தட்டினாள். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. ஒரு இடத்தில் தரை, இன்னொரு இடத்தில் டிரம்.

"நான் தப்பாத்தான் சொல்லிட்டேன்" என்றாள். "பைப்பு வழியா சத்தம் அங்க வந்திருக்கு. ஓட்டை இந்தப் பக்கம், அடுப்புக்குக் கீழ எங்கயோ. தண்ணி போகட்டும்ணே. இங்க மண்ணு எங்க போச்சுன்னுதான் எனக்கு பயமா இருக்கு. அடியில பொந்து விழுந்திருக்கு. அடுப்ப ஆற விடுங்க. தரையத் தொறந்து பாத்துடலாம்."

"ஆற விட்டா ஆஸ்பத்திரிக்கு யார் ரொட்டி போடறது? நீ போடுறியா?"

"பழைய பைப்ப அப்படியே விட்டுட்டு, செவுத்து மேல புதுசா ஒரு லைன் இழுங்க, கண்ணுக்குத் தெரியற மாதிரி. அது வரைக்கும் வாசல் வால்வ மூடியே வைங்க. ஆனா இந்தத் தரை மேல ஆள் நிக்க வேண்டாம்ணே. கூலி வேண்டாம் எனக்கு. இத மட்டும் கேளுங்க."

அவள் போனதும் அண்ணன் ஒரு பழைய கதவுப் பலகையைக் கொண்டுவந்து அடுப்பு வாயின் முன்னால் போட்டார். "இது மேல நில்லுடா மாப்ளே. யானை நின்னாலும் தாங்கும்."

"நான்தான் கொசு மாதிரி இருக்கேனே மாமா" என்றான் குச்சி.

அக்கா சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய் வால்வை இறுக்கி மூடினாள். அதோடு விடவில்லை. ஸ்பேனர் வாங்கி அதன் கைப்பிடியையே கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "புது பைப் வர்ற வரைக்கும் எவனும் இதத் தொறக்கக் கூடாது. தண்ணி நான் கொண்டுவரேன்."

தண்ணீர் என் கடைக் குழாயிலிருந்து போயிற்று. என்னுடையது வேறு லைன், நூல் மாதிரி ஒழுகும். ஒரு குடம் நிறைவதற்குள் நான் ஒரு சட்டைக் கை தைத்துவிடலாம். அக்கா இரண்டு கையிலும் வாளியோடு என் வாசலுக்கும் அவள் பின்கட்டுக்கும் நடந்தாள். விடியுமுன் ஆரம்பித்தால் மதியத்துக்கும் முடியாது. முன்பக்கக் குழி மேல் போட்ட பலகை வழியே நடக்கும்போது வாளி தளும்பிக் கால் வழுக்கும். உள்ளங்கையில் தோல் உரிந்து, அதே கையால் உப்புப் போட்ட மாவைப் பிசைந்தாள். நான் எண்ணெய் தடவிவிட்டேன். "எரியுதாக்கா?" என்றால், "எரியட்டும், பைப்காரன் வரட்டும்" என்பாள். பைப்காரன் இன்று வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மாவுக்குத் தண்ணீர் நேரத்துக்கு வேண்டும். பாதிப் பாதியாக ஊற்றிப் பிசைந்தால் அது முறுக்கிக்கொள்ளும். புழுக்கம் வேறு. ஒருநாள் மாவு பொங்கிப் பொங்கிப் புளித்து, அச்சை விட்டு வழிந்து, அடுப்பில் போட்டதும் தட்டையாகப் படுத்துவிட்டது. குச்சி தட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். அண்ணன் ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டார், உள்ளே பசை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது பாதிதான்.

ஆஸ்பத்திரிச் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்கிறவர் நேரிலேயே வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை.

"பிள்ளை பெத்தவளுக்குக் காலையில ரொட்டி இல்லன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. நான் எத்தன நாள் உங்களுக்காகப் பேசறது? மிஷின் ரொட்டிக்காரன் வாசல்லயே நிக்கறான். மேல இருக்கறவங்க அவன வரச்சொல்லிட்டாங்க. நாளைக்கு முழுசா வரலன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"நாளைக்கு வந்துடும்" என்றார் அண்ணன்.

அவர் போனபிறகு அண்ணன் அடுப்பில் சாய்ந்து நின்றார். அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் அடுப்பை நீட்டினார், அடுப்பை நம்பித்தான் மற்றதெல்லாம். "இது போச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுதுடி" என்றார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "போகாது. நானே போய் பைப்காரன் வாசல்ல உக்காந்துக்கறேன். அவன் கையப் புடிச்சு இழுத்துட்டு வரேன். அதுக்குள்ள தண்ணி வேணும்னா இவன அனுப்புங்க, தங்கச்சி தருவா." தங்கச்சி என்றது என்னை.

அவள் கிளம்பிப் போனாள். நான் என் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். வாளி நிறைந்தது, வழிந்தது. குச்சி எடுக்க வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சர் ஓடுகிற சத்தம் கேட்டது, நிற்காமல், பழைய நாள் மாதிரி. அண்ணன் எங்கிருந்தோ தண்ணீர் வண்டி பிடித்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். ரொட்டி வேகிற வாசனைகூட வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அந்தச் சத்தம். இடி மாதிரி இல்லை. பெரிய மூட்டையை மெத்தென்று இறக்கிவைத்தமாதிரி. என் மிஷின் மேசை ஒரு குலுக்கு குலுங்கியது. அடுத்த நொடி அண்ணனின் குரல், "மாப்ளே! மாப்ளே!"

ஓடினேன். உள்ளே ஒரே ஆவி. கண் தெரியவில்லை. அடுப்பு வாய் இருந்த இடத்தில் அடுப்பு வாய் இல்லை. தரை உள்வாங்கி, அடுப்பின் முன்வளைவு சரிந்து, கதவுப் பலகை செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. குழிக்குள் குச்சி மார்பளவு நின்றான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கீழே தண்ணீர் பாய்கிற ஓசை. சிவக்கச் சுட்ட செங்கல் அதில் விழுந்து விழுந்து சீறியது. அண்ணன் குழிக்குள் குதித்திருந்தார். வெறுங்கையால் செங்கற்களை எடுத்து எறிந்துகொண்டிருந்தார். கை வேகிற வாசனை எனக்கு அடித்தது. அவருக்கு அடிக்கவில்லை.

"தண்ணிய மூடு! தங்கச்சி, தண்ணிய மூடு!"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தண்ணீர்தான் மூடியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினேன். மீட்டர் பெட்டி திறந்து கிடந்தது. அக்கா கைப்பிடியைக் கழற்றிய வால்வின் தலையில் ஒரு ஸ்பேனர் மாட்டியபடியே இருந்தது. இரண்டு கையாலும் திருகி மூடினேன். நிமிர்ந்தபோது தெருமுனையில் அக்கா வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், தோளில் குழாய்க் கட்டோடு, பைப்காரன்.

என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். அப்புறம் ஓடினாள்.

குச்சியை மேலே தூக்கத் தெருவே வந்தது. இடது கால் முன்வளைவுக் கல்லுக்கு அடியில் மாட்டியிருந்தது. ரொட்டி போட்டுக்கொண்டிருந்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அண்ணனின் இரண்டு கைக்கும் மணிக்கட்டு வரை கட்டு.

அடுத்த நாள்களில் கட்டடக்காரர்கள் வந்து குழியை முழுக்கத் திறந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். அடுப்பைச் சுற்றிப் போன வளைவில், ஒரு விரல் நுழைகிற ஓட்டை. அவ்வளவுதான். அதிலிருந்து பீறிட்ட தண்ணீர் மண்ணைக் கரைத்துக் கரைத்து, யாருக்கும் நினைவில் இல்லாத ஒரு பழைய சாக்கடைக்குள் இறக்கியிருக்கிறது. அடுப்புக்கடியில் ஒரு ஆள் குனிந்து நடக்கலாம். என் சுவருக்கும் அடியில் வெறும் காற்றுதான். எங்கள் வரிசைக் கடைகளையெல்லாம் பூட்டச் சொல்லிவிட்டார்கள். மிஷினை வீட்டுக்கு எடுத்துவந்து, சன்னலோரமாகப் போட்டுக்கொண்டேன்.

ஒரு காலை அக்காவுக்கு மாற்றுச் சேலை கொண்டுபோனேன். பெரிய வார்டு. குச்சியின் கட்டிலுக்கு ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் அண்ணன். அன்றிலிருந்து அக்கா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்கவும் இல்லை. கேட்காமலே உட்கார்ந்திருந்தாள், அதுதான் அவரைக் கொன்றுகொண்டிருந்தது. நான் போய் நின்றதும், யாராவது ஒரு ஆள் வரட்டும் என்று காத்திருந்தவர்போல, அண்ணன் வாயைத் திறந்தார்.

"மாப்ளே, நான்தான்டா தொறந்தேன்."

குச்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க அக்கா அவ்வளவு சொல்லியும் தொறந்தேன். ஒரு நாள்தானேன்னு நெனச்சேன். ஒரே ஒரு நாள். உன் கால நான்தான்டா..." கட்டுப்போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைக்க முடியாமல் அழுதார்.

"தெரியும் மாமா" என்றான் குச்சி.

"என்ன தெரியும்?"

"நீங்க ஸ்பேனர எடுத்துட்டுப் போனப்பவே பாத்தேன். தொட்டியில தண்ணி விழுந்துச்சுல்ல, எனக்குக் கேக்காதா? அந்தப் பலகை காலுக்கடியில லேசா ஆடுச்சு. நாலு தட்டுதான் பாக்கி, இழுத்துட்டு எறங்கிடலாம்னு நின்னேன். நானும்தான் நின்னேன்."

வார்டில் யாரோ இருமினார்கள். அக்கா தம்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

"ஒருத்தர் தொறந்தார், ஒருத்தன் பாத்துட்டு நின்னான். நான் மட்டும் கிறுக்கி மாதிரி பைப்காரன் வாசல்ல கெஞ்சிட்டு நின்னேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ரெண்டு பேருக்கும் தோணலல்ல?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்டேக்கா."

"ஆமாண்டா. விட்டிருக்க மாட்டேன்."

தோல் உரிந்த உள்ளங்கைகளால் அவன் போர்வையை இழுத்துவிட்டாள். கால் இல்லாத இடத்தில் போர்வை தட்டையாக விழுந்தது. அதை மடித்து உள்ளே செருகினாள்.

அப்போது தள்ளுவண்டி வந்தது. பாலும் ரொட்டியும். ரொட்டி கண்ணாடிக் காகிதத்தில் சுற்றியிருந்தது, எல்லாம் ஒரே அளவில், வெள்ளை வெளேரென்று. வண்டிக்காரம்மாவுக்கு இவர்கள் யாரென்று தெரியாது. கட்டிலுக்கு ஒன்று என்று வைத்துவிட்டுப் போனாள்.

குச்சி காகிதத்தைப் பிரித்தான். பக்கவாட்டில் ஒரு விரலால் அமுக்கினான். முகர்ந்தான். ஒரு ஓரத்தைப் பிட்டு மென்றான்.

"அடி வேகல" என்றான். "சூடு பத்தல. பாருங்க மாமா."

நீட்டினான். அண்ணன் வாங்கக் கையைத் தூக்கி, கட்டைப் பார்த்துவிட்டு, இறக்கிக்கொண்டார்.

அக்கா அதை வாங்கினாள். ஒரு துண்டு பிட்டாள். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கட்டிலின் குறுக்கே எட்டி, "வாயத் தொறங்க" என்றாள்.

அத்தனை நாளில் அவரிடம் மட்டும் என்று அவள் பேசியது அதுதான். அண்ணன் வாயைத் திறந்தார். மெதுவாக மென்றார். குச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தைக்காக.

"இல்லடா மாப்ளே" என்றார் அண்ணன். "நல்லா வெந்திருக்கு."